விட்டமின் மாத்திரைக்கு ஐ.நா. தடையா? கோடெக்ஸ் எதிர்ப்பு பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் உங்கள் அக்கா ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருக்கிறார். ‘கோடெக்ஸ்’ என்று ஐ.நா. ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது, அதன்படி விட்டமின் மாத்திரைகள் தடை செய்யப்படும், பின்னால் இருப்பது மருந்துக் கம்பெனிகள், 2005 வாக்கில் மக்கள் எவ்வளவோ எதிர்த்தும் பலிக்கவில்லை என்று அதில் இருக்கிறது. உண்மையா, அக்காவுக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்கிறீர்கள். கேள்வி ஒன்றுதான், உள்ளே இரண்டு இருக்கின்றன. அப்படி ஒரு தடைச் சட்டம் உண்டா என்பது முதலாவது. இல்லையென்றால் அத்தனை பேருக்கு எதற்குக் கோபம் வந்தது என்பது இரண்டாவது. முதலாவதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: இல்லை. இரண்டாவதுதான் நீளம்.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. சத்து மாத்திரை தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் 24 வருடம் இருந்தேன். முதலில் ஆய்வகம், பிறகு லேபிளும் ஏற்றுமதிக் காகிதங்களும் பார்க்கும் பிரிவு. அதனால் இந்த விவகாரம் எனக்குப் பேப்பரில் படித்த செய்தியாக இல்லாமல், மேஜைக்கு வந்த ஃபைலாகத்தான் தெரியும்.

கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்றால் லத்தீனில் உணவு நெறிநூல் என்று பொருள். ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த ஆணையம் அதை எழுதுகிறது. முதல் கூட்டம் 1963-இல் ரோமில் நடந்தது. பழச்சாற்றில் என்ன இருக்கலாம், தானியத்தில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம், டப்பாவில் என்ன எழுத வேண்டும் என்பது மாதிரியான தரங்களை உறுப்பு நாடுகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும். இதற்குப் போலீசும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. அந்தந்த நாடு தன் சட்டத்தில் சேர்த்தால்தான் அந்த நாட்டில் செல்லும்.

விட்டமின், தாதுச்சத்து மாத்திரைகளுக்கான வழிகாட்டுதல் 2005 ஜூலையில் ஏற்கப்பட்டது. 1990-களிலிருந்து ஜெர்மனி நடத்திய ஒரு குழுவில் இழுபறியாகக் கிடந்து, 2004 நவம்பரில் பான் நகரக் கூட்டத்தில் வடிவம் பெற்றது. சில பக்கங்கள்தான். சத்து மாத்திரையை ‘உணவு’ என்று வகைப்படுத்தும் நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ‘மருந்து’ என்று வகைப்படுத்தும் நாட்டுக்கு இதில் வேலையே இல்லை. ஒரு சத்தின் பெயரைப் போட்டு விற்பதென்றால், ஒரு நாளைக்குச் சாப்பிடச் சொல்லும் மாத்திரையில், பரிந்துரைத்த தினசரி அளவில் குறைந்தது 15 சதவீதமாவது அந்தச் சத்து இருக்க வேண்டும். சும்மா தூவிவிட்டுப் பெயர் போடக் கூடாது என்று அர்த்தம். அதிகபட்சம் எவ்வளவு? சண்டை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான்.

அதிகபட்சத்தை இரண்டு விதமாக வைக்கலாம். உடம்புக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டுமோ அதுதான் எல்லை என்பது ஒரு வழி. எவ்வளவுக்கு மேல் போனால் கெடுதல் வருமோ அதற்குக் கீழே எதுவரை வேண்டுமானாலும் போகலாம் என்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே சில சத்துகளில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. விட்டமின் சி தினசரித் தேவை நூறு மில்லிகிராமுக்கு முன்பின். அமெரிக்க நிபுணர்கள் வைத்த உச்ச வரம்பு 2,000 மி.கி. முதல் வழியில் போனால் கடையில் இருக்கும் 500, 1,000 மி.கி. மாத்திரை எதுவும் நிற்காது. ஜெர்மனியின் நடைமுறையே அந்தப் பக்கம் சாய்ந்ததுதான்: பரிந்துரை அளவைப் போல மூன்று மடங்கு தாண்டினால் அது மருந்து என்று அங்கே வைத்திருந்தார்கள். அந்தக் கண்மூடித்தனமான கணக்கு செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2004-இல் தீர்ப்புச் சொன்னது. அப்படிப்பட்ட நாடு குழுவை நடத்துகிறதே என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் கடைசியில் நிறைவேறிய வாசகம் என்ன சொல்கிறது தெரியுமா? அதிகபட்சம் என்பது அறிவியல்ரீதியான ஆபத்து மதிப்பீட்டில் கிடைக்கும் பாதுகாப்பான உச்ச அளவை வைத்தும், சாப்பாட்டிலிருந்து ஏற்கெனவே சேரும் அளவை வைத்தும் தீர்மானிக்கப்பட வேண்டும். பரிந்துரை அளவை மட்டும் வைத்து வரம்பு போடக் கூடாது. அதாவது எதிர்த்தவர்கள் கேட்டதில் முக்கியமானது கிடைத்துவிட்டது. கிடைத்ததைப் பலர் கவனிக்கவே இல்லை.

சரி, வழிகாட்டுதல்தானே, யாரையும் கட்டாயப்படுத்தாதே, பிறகென்ன என்றால், அங்கேதான் உலக வர்த்தக நிறுவனம் வருகிறது. 1995-இல் அமலுக்கு வந்த அதன் உணவுப் பாதுகாப்பு ஒப்பந்தம் கோடெக்ஸைப் பெயர் சொல்லியே அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த தரங்களுக்கு அன்றைக்கு உயிர் வந்தது. அதே 1995-இல் மாட்டுக்குப் போடும் வளர்ச்சி ஹார்மோன் பற்றிய தரத்தை ஓட்டெடுப்பில் 33-க்கு 29 என்று நிறைவேற்றினார்கள். அமெரிக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவோடு வழக்காடியது. 2002-இல் பெரு நாடு, ‘எங்கள் மீனையும் மத்தி என்று விற்க விடுங்கள்’ என்று கோடெக்ஸ் தரத்தைக் காட்டி ஐரோப்பாவை ஜெயித்தது. ஆக, ‘அது வெறும் பேப்பர்’ என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னது முழு உண்மை இல்லை. ஆனால் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பாருங்கள். இரண்டு வழக்கிலும் குறி வைக்கப்பட்டது இறக்குமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ போட்ட ஐரோப்பா. வர்த்தக வழக்கு என்பது கதவை மூடியவனைக் கேள்வி கேட்பது. திறந்து வைத்திருப்பவனை ‘ஏன் மூடவில்லை’ என்று கேட்பதில்லை. தாராளமாக விற்கும் அமெரிக்காவை வர்த்தக நிறுவனம் வந்து கடையைச் சாத்தச் சொல்லும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஒரு கவலை மட்டும் எனக்கும் நியாயமாகப் படுகிறது. சொந்தமாக ஆபத்து மதிப்பீடு செய்ய வசதியில்லாத சின்ன நாடுகள் சர்வதேச வாசகத்தை அப்படியே எடுத்துத் தங்கள் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டாயம் இல்லாமலே கட்டாயமாகிவிடுவது அப்படித்தான்.

உண்மையான அடி வந்தது வேறு இடத்திலிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் துணைப்பொருள் ஆணை, எண் 2002/46. 2002 ஜூனில் நிறைவேறி, 2005 ஆகஸ்ட் 1-இலிருந்து பட்டியலில் இல்லாததை விற்கக் கூடாது என்றது. பட்டியலில் 13 விட்டமின், 15 தாது. அதோடு நிற்கவில்லை, ஒவ்வொரு சத்தும் எந்த ரசாயன வடிவத்தில் இருக்கலாம் என்றும் இன்னொரு பட்டியல் போட்டது. செலினியம் என்றால் சோடியம் செலினைட் போன்ற உப்புகள் இருந்தன. ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்த செலினியம் இல்லை. விட்டமின் ஈ என்றால் ஆல்ஃபா வகை மட்டும். கொட்டையிலும் எண்ணெயிலும் இயற்கையாகக் கிடைக்கும் கலவை டோகோஃபெரால் (விட்டமின் ஈ-யின் பல வகைகள் கலந்தது) இல்லை. உணவில் இருக்கும் வடிவத்துக்கு இடமில்லை, ஆலையில் வரும் உப்புக்கு இடம் உண்டு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அந்த வருடம் எங்கள் வேலை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பிரிட்டனில் ஒரு வாடிக்கையாளருக்கு பல்சத்து (மல்டிவிட்டமின்) மாத்திரை போய்க்கொண்டிருந்தது. அதில் செலினியம் ஈஸ்ட் வடிவம். ஒருநாள் காலை அவர்களிடமிருந்து ஒரே கேள்வியோடு மின்னஞ்சல்: இதற்கு யாராவது டோசியர் போட்டிருக்கிறார்களா? பட்டியலில் இல்லாத வடிவத்துக்கு 2005 ஜூலை 12-க்குள் பாதுகாப்பு ஆதாரங்களைத் தொகுத்து விண்ணப்பித்திருந்தால், உறுப்பு நாடு விரும்பினால் 2009 டிசம்பர் 31 வரை விற்பனையைத் தொடரலாம் என்று ஒரு விலக்கு இருந்தது. டோசியர் என்பது நச்சுத்தன்மை ஆய்வு, தயாரிப்பு முறை, உடம்பில் சேரும் அளவு என்று ஒரு அலமாரியே நிறையும் காகிதம். பெரிய கம்பெனி போட்டுவிடும். மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஆரோக்கியக் கடை எங்கே போகும்? எங்கள் வாடிக்கையாளர் வடிவத்தையே மாற்றச் சொல்லிவிட்டார். நாங்கள் செலினைட்டுக்கு மாறி, புதிய லேபிள் அடித்து, பழைய லேபிள் சுருள்களை எடைக்குப் போட்டோம். அந்த ஈஸ்ட் வடிவமும் கலவை டோகோஃபெராலும் 2009-இல் பட்டியலில் சேர்ந்தே விட்டன என்பதுதான் வேடிக்கை.

சின்ன உற்பத்தியாளர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு அங்கிருந்து லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2005 ஏப்ரலில் தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குக் கருத்துச் சொல்லும் தலைமை வழக்குரைஞர்களில் ஒருவரான கெல்ஹூட், இந்த ஆணை கறுப்புப் பெட்டி அளவுக்குத்தான் வெளிப்படையாக இருக்கிறது, செல்லாது என்று கருத்துச் சொன்னார். எதிர்ப்பாளர்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்கள். ஜூலை 12-ஆம் தேதி நீதிபதிகள் அதை ஏற்காமல் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ரோமில் கோடெக்ஸ் வழிகாட்டுதல் நிறைவேறியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு செய்தி. ஐரோப்பிய ஆணை செய்த காரியத்தை மக்கள் கோடெக்ஸ் தலையில் ஏற்றியது இங்கேதான் என்பது என் எண்ணம். பிற்பாடு சுற்றிய வதந்தியில் ‘2009 டிசம்பர் 31-இல் கோடெக்ஸ் உலகம் முழுக்க அமலாகும்’ என்று ஒரு தேதி வரும். அது அந்த விலக்கு முடியும் தேதி. அங்கிருந்துதான் எடுத்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் கோடெக்ஸ் ஆவணத்தில் அப்படியொரு தேதியே கிடையாது.

அமெரிக்கக் கோபத்துக்கு வேறு வரலாறு. 1970-களில் அதிக வீரிய விட்டமின்களை மருந்தாக்கப் பார்த்தது அங்கத்திய உணவு மருந்து நிர்வாகம். 1976-இல் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் போட்டு அதன் கையைக் கட்டியது. 1992-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மாற்று மருத்துவரின் கிளினிக்கில் ஆயுதத்தோடு சோதனை நடந்தது. அதற்குப் பிறகு வந்த விளம்பரத்தில் நடிகர் மெல் கிப்சன் வீட்டுக்குள் கமாண்டோக்கள் புகுந்து அவர் கையிலிருக்கும் விட்டமின் சி புட்டியைப் பிடுங்குவார்கள். ஆரோக்கியக் கடைகளில் அலமாரிகளைக் கறுப்புத் துணியால் மூடிப் போராட்டம் நடத்தினார்கள், கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போயின. விளைவு 1994-ஆம் ஆண்டுச் சட்டம்: விற்குமுன் அனுமதி வேண்டாம், ஆபத்து என்றால் அரசுதான் நிரூபிக்க வேண்டும். 1997-இல் இன்னொரு சட்டத்தில், நாடுகளின் விதிகளை ஒன்றுபோல ஆக்கும் சர்வதேசப் பேச்சுகள் சத்து மாத்திரைகளுக்குப் பொருந்தாது என்றும் எழுதிக்கொண்டார்கள். இப்படிப் போராடிப் பெற்றதை ரோமிலிருந்து ஒரு குழு பின்வாசல் வழியாகப் பிடுங்கிவிடுமோ என்ற பயம்தான் அங்கே கோடெக்ஸ் எதிர்ப்பாக மாறியது.

மருந்துக் கம்பெனிகளின் சதி என்ற பகுதிக்கு வருகிறேன். இங்கே ஒரு நிஜச் சதி இருந்தது, அதை ஃபார்வர்டுகள் எழுதுவதில்லை. 1990-களில் விட்டமின் மூலப்பொருள் தயாரித்த ரோஷ், பிஏஎஸ்எஃப் முதலான கம்பெனிகள் ரகசியமாகக் கூடி விலையையும் பங்கையும் பிரித்துக்கொண்டன. 1999-இல் அமெரிக்காவில் ரோஷுக்கு 50 கோடி டாலர், பிஏஎஸ்எஃப்-க்கு 22.5 கோடி டாலர் அபராதம். 2001-இல் ஐரோப்பாவில் எட்டுக் கம்பெனிகளுக்கு மொத்தம் 85.5 கோடி யூரோ. இந்தச் செய்தியைப் படித்தவன் அடுத்த வருடம் விட்டமின் பட்டியல் வரும்போது சந்தேகப்படாமல் இருப்பானா? ஆனால் அந்தச் சதி விட்டமினைக் கூடுதல் விலைக்கு விற்கும் சதி. விற்பனையையே நிறுத்துவதால் அவர்களுக்கு என்ன லாபம்? 2005 தொடக்கத்தில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளுக்கான ரோஷின் பிரிவை வாங்கிய மருந்துக் கம்பெனி பேயர், பெரோக்கா என்ற விட்டமின் மாத்திரைக்கு முதலாளியாயிற்று. சத்து மாத்திரைத் தொழிலின் சர்வதேசச் சங்கமே கோடெக்ஸ் வழிகாட்டுதலை ஆதரித்தது, ஏனென்றால் எல்லா நாட்டுக்கும் ஒரே விதி இருந்தால் ஒரே லேபிளில் வேலை முடியும். எதிர்த்தவை பெரும்பாலும் நுகர்வோர் அமைப்புகளும் சின்னக் கடைகளும்தான். சண்டை மருந்துக்கும் விட்டமினுக்கும் என்பதைவிட, பெரிய விட்டமின் வியாபாரிக்கும் சின்ன விட்டமின் வியாபாரிக்கும் என்று சொன்னால் பொருந்தும். கோடெக்ஸைத் தொடங்கியவர் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் தண்டனை பெற்ற ஒரு ஜெர்மன் ரசாயன அதிபர் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. அது ஆஸ்திரியாவின் பழைய உணவு நெறிநூலின் வழியில் வளர்ந்தது.

இன்னொன்று. எதிர்ப்புக்குப் பணமும் ஆட்களும் கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. கோடெக்ஸுக்கு எதிராக உரக்கக் கத்தியவர்களில் ஒருவர் மத்தியாஸ் ராத். எய்ட்ஸுக்கு விட்டமின் போதும் என்று தென்னாப்பிரிக்காவில் பிரசாரம் செய்தவர். அங்கே அவர் நடத்திய விட்டமின் சோதனைகள் சட்டவிரோதம் என்று 2008-இல் கேப் உயர் நீதிமன்றம் சொன்னது.

வரம்பு வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன். 1994-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கு மேற்பட்ட ஆண்களில் ஒரு பகுதிக்கு நாளுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தது 18 சதவீதம் கூடியது. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான். ‘இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை’ என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் வரம்பு எந்த எண் என்று கேட்டால் நிபுணர்களே முழிப்பார்கள். விட்டமின் பி6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் தினம் 2 முதல் 6 கிராம் வரை சாப்பிட்ட ஏழு பேருக்குக் கை கால் மரத்து நடையே தள்ளாடியதாக ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. இதில் சந்தேகம் இல்லை, பி6 நரம்பைக் கெடுக்கும். எத்தனை மி.கி.யில்? 1997-இல் பிரிட்டிஷ் அரசு 10 மி.கி.க்கு மேல் கடையில் தாராளமாக விற்க விடமாட்டோம் என்றது. மாதவிடாய்க்கு முந்தைய அவதிக்காக 50, 100 என்று சாப்பிட்டுவந்த பெண்கள் கொதித்துவிட்டார்கள், நாடாளுமன்றக் குழுவும் அரசைக் கடிந்துகொண்டது, திட்டம் கைவிடப்பட்டது. அப்புறம் 2003-இல் பிரிட்டிஷ் நிபுணர் குழு மறுபடி அதே 10-க்கு வந்தது. எப்படி என்று பாருங்கள்: நாய்களுக்குக் கொடுத்த சோதனையில் கிலோவுக்கு 50 மி.கி.யில் பாதிப்பு தெரிந்தது. நாய்க்கும் மனிதனுக்கும் வித்தியாசம், மனிதனுக்கு மனிதன் வித்தியாசம் என்று பாதுகாப்புக்காக 300-ஆல் வகுத்தார்கள். 60 கிலோ ஆளுக்கு 10 மி.கி. வந்தது. அமெரிக்க நிபுணர்கள் 1998-இல் மனிதர்களிடம் 200 மி.கி. வரை கெடுதல் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு 2-ஆல் வகுத்தார்கள், 100. ஐரோப்பியக் குழு 2000-இல் 25 என்றது; 2023-இல் அதையே 12 ஆக்கியது. ஒரே விட்டமின், ஒரே மனித நரம்பு, பத்திலிருந்து நூறு வரை நாலு எண்கள். அறிவியலே ஒப்புக்கொண்ட வரம்பு என்று அதிகாரி சொல்லும்போது இந்த வகுத்தல் கணக்கு வெளியே தெரிவதில்லை. மக்கள் எதிர்ப்பில் எனக்கு மரியாதை உண்டென்றால் அந்த வகுத்தலைக் கேள்வி கேட்டவர்கள் மேல்தான். ஆனாலும் 100 மி.கி. என்று அடித்துச் சொன்னவர்களைவிட, திட்டு வாங்கிய அந்தப் பத்துதான் இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

உங்களுக்கு இந்தியாவைப் பற்றியும் ஒரு வரி. கோடெக்ஸ் செய்துவிடும் என்று வெளிநாட்டில் பயந்ததை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தானாகவே செய்தது: 2016-இல் அறிவித்து 2018 ஜனவரியிலிருந்து அமலாக்கிய விதிகளில், உணவு என்று விற்கும் சத்து மாத்திரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைத்த தினசரி அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. கோடெக்ஸ் வாசகத்தைவிடக் கடுமை. கறுப்புத் துணி எதையும் நான் பார்க்கவில்லை. தொழிற்சாலையில்தான் தலைவலி. விட்டமின் சி நாளாக ஆகக் குறையும் என்பதால், காலாவதித் தேதிவரை லேபிளில் போட்ட அளவு நிற்க வேண்டும் என்று தயாரிக்கும்போதே கொஞ்சம் கூட்டிப் போடுவோம், ஓவரேஜ் என்போம். மேலே கூரை, கீழே தரை, நடுவில் குனிந்து நடப்பது மாதிரி ஆகிவிட்டது வேலை.

உங்கள் அக்காவுக்கு இப்படி எழுதுங்கள். கோடெக்ஸ் எதையும் தடை செய்யவில்லை, அதற்கு அந்த அதிகாரமும் இல்லை. ஐரோப்பிய ஆணை சில வடிவங்களைச் சில காலம் கடையிலிருந்து தள்ளியது உண்மை. அந்த ஆணையே வைப்பதாகச் சொன்ன ஐரோப்பியப் பொது உச்ச வரம்புகள் இருபது வருடம் தாண்டியும் வரவில்லை. நாட்டுக்கு நாடு வேறு வேறு எண்தான். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே போய்விட்டது. ஃபார்வர்டை விட்டுவிட்டு அவர் வீட்டில் இருக்கும் புட்டிகளைத் திருப்பி, பி6 எதிரே என்ன எண் என்று பார்க்கச் சொல்லுங்கள். பல்சத்து மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், மெக்னீசியம் மாத்திரை என்று மூன்றிலும் தனித்தனியாக இருக்கக்கூடும், கூட்டிப் பார்க்க வேண்டும். இவற்றை மாதக்கணக்காகச் சாப்பிட்டு, பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தால் புட்டிகளை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போகட்டும்.